பிலோமினா மாமியின் தகரப் படலை

வயலின் கீச்சிடக் கூடாது என்பதற்காகவே பாதி ஆயுளைச் செலவழித்தவள் நான். மீதியைத் தூத்துக்குடியில் பிள்ளைகளுக்கு அதையே சொல்லிக்கொடுத்துக் கழித்துக்கொண்டிருக்கிறேன். அப்படிப்பட்டவளை, "ரீச்சர், நல்லாக் கீச்சிட வாசிக்கோணும், அதுக்குத்தான் உங்களைக் கூப்பிடுறன்" என்று ஒருத்தி மன்னாருக்கு அழைத்தால் கோபம் வருமா வராதா? வந்தது. ஆனாலும் போனேன். எங்கள் ஊர்க் கடற்கரையில் நின்றுகொண்டு, அக்கரையில் என்னதான் இருக்கிறது என்று சின்ன வயதிலிருந்தே யோசித்து வந்தவள். இந்த வாய்ப்பை விட மனமில்லை.

அழைத்தவள் டொறின். மன்னார் பள்ளிமுனையில் பிறந்து, கைக்குழந்தையாக ஜெர்மனிக்குத் தூக்கிச் செல்லப்பட்டவள். சென்னையில் ஒரு பயிலரங்கில் எனக்குப் பழக்கமானாள். அவள் செய்வதைப் பரிசோதனை இசை என்கிறார்கள். வாணலியைச் சுரண்டுவாள், துடைப்பத்தை மைக்கில் தேய்ப்பாள், குடத்துக்குள் மூச்சு விடுவாள். முதல் தடவை கேட்டபோது பக்கத்தில் யாரோ வீடு மாறுகிறார்கள் என்று நினைத்தேன்.

அவள் இருக்கும் ஊரில் தேவாலயத்துக்குப் பக்கத்தில் ஒரு கல் இருக்கிறதாம். சில நூறு ஆண்டுகளுக்கு முன்னால் சூனியக்காரிகள் என்று எரிக்கப்பட்ட பெண்களின் பெயர்களை அதில் வெட்டியிருக்கிறார்கள். அவர்கள் மீதான குற்றச்சாட்டுகளைக் கேட்டால் சிரிப்பும் வயிற்றெரிச்சலும் சேர்ந்தே வரும். ஒருத்தி பார்த்ததால் பக்கத்து வீட்டுப் பால் திரிந்துபோயிற்று. ஒருத்தி முணுமுணுத்ததால் ஆலங்கட்டி மழை பெய்தது. ஒருத்தி வாசலைக் கடந்ததால் மாடு கறக்கவில்லை. டொறின் ஒவ்வொரு குற்றச்சாட்டையும் ஒரு சத்தமாக்கி, எல்லாவற்றையும் கோத்து ஒரு நிகழ்ச்சியாகச் செய்திருந்தாள். எனக்கு ஒதுக்கப்பட்டது திரிந்த பால்.

"பால் திரியிற சத்தம் எப்படிம்மா இருக்கும்?" என்று போனில் கேட்டேன்.

"அதை நீங்கள்தான் கண்டுபிடிக்கோணும் ரீச்சர்."

இதை ஜெர்மனியிலேயே செய்துவிட்டுப் போகாமல் பள்ளிமுனையில் ஏன் செய்ய வேண்டும் என்பதற்கும் அவளிடம் பதில் இருந்தது. அவளுடைய அப்பாவின் அக்கா பிலோமினா மாமி இன்னும் அங்கேதான் தனியாக இருக்கிறார். அவரையும் ஊரில் சூனியக்காரி என்றுதான் சொல்கிறார்களாம். பல வருடங்களாக அவர் எந்தக் கல்யாணத்துக்கும் போனதில்லை, எந்த மண்டபத்திலும் உட்கார்ந்ததில்லை. அவரை ஊர் நடுவில் உட்காரவைத்து இந்த இசையைக் கேட்கவைக்க வேண்டும் என்பது டொறினின் ஆசை. "கல்லில பேர் வெட்டுறது செத்த பிறகு நடக்கிற வேலை. மாமி உயிரோட இருக்கேக்கயே ஏதாவது செய்யோணும்," என்றாள்.

தீவுக்கு வெளியே, பஸ் நின்ற இடத்தில் என்னையும் டொறினையும் ஏற்றிக்கொண்டவர் யூட் என்கிற ஆட்டோக்காரர். வாய் நிறைய வெற்றிலை, வண்டி நிறைய அந்தோனியார் படங்கள். கடலுக்குக் குறுக்கே போட்டிருக்கும் தாம்போதியைக் கடந்து தீவுக்குள் நுழைந்ததுமே வண்டி நின்றுவிட்டது. பஞ்சரோ என்று எட்டிப் பார்த்தேன். சாலையின் நடுவே நாலைந்து கழுதைகள் நின்றுகொண்டிருந்தன. யூட் ஹாரன் அடித்தார், கைதட்டினார், கெஞ்சினார். ஒரு கழுதை திரும்பி அவரைப் பார்த்துவிட்டு மறுபடி பழைய திசைக்கே திரும்பிக்கொண்டது.

"இஞ்ச இவைதான் போலீஸ்," என்றார் யூட். எங்கள் ஊரில் மாடுகள் செய்யும் வேலையை இங்கே கழுதைகள் செய்கின்றன. மாடாவது வாழைப்பழத்தோலைக் கண்டால் நகரும்.

சூனியக்காரி என்று கேள்விப்பட்ட பிறகு யாராக இருந்தாலும் மனதுக்குள் ஒரு படம் வரைந்துகொள்வார்கள். நானும் வரைந்திருந்தேன். படலையைத் திறந்து வந்தவர் குள்ளமாக, பூப்போட்ட கவுனும் தடித்த கண்ணாடியுமாக, எங்கள் தெருவில் வட்டிக்குக் கொடுக்கும் சரோஜா அக்காவின் தங்கை மாதிரி இருந்தார். படலை என்றால் அங்கே வெளிவாசல் கதவு. மாமி வீட்டுப் படலை துருப்பிடித்த தகரத்தில் செய்தது.

"வாங்கோ வாங்கோ, நல்லா மெலிஞ்சு போனியள்," என்று என்னைப் பார்த்துச் சொன்னார். என்னை அவர் அதற்கு முன் பார்த்ததே இல்லை. இரண்டு டாக்டர்கள் என்னை எடை குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். இருந்தாலும் அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

புட்டு, கணவாய்க் கறி, மாசிச் சம்பல், மேலே ஊற்றிக்கொள்ளத் தேங்காய்ப்பால் சொதி. புட்டுக்கு வாழைப்பழமும் சர்க்கரையும் என்று வளர்ந்த எனக்குக் கணவாய் புதுசு. ஒரு வாய் வைத்ததும் இத்தனை வருடம் வீணாகப் போய்விட்டதே என்று உண்மையிலேயே வருத்தப்பட்டேன். சாப்பாட்டுக்குப் பிறகு வெறும் தேநீர், கடித்துக்கொள்ளப் பனங்கட்டி. எங்கள் பக்கத்துக் கருப்பட்டிதான் உசத்தி என்று நான் ஆரம்பிக்க, மாமி விடவில்லை. "அப்ப கொண்டு வந்திருக்கலாமே, வாயால மட்டும் கொண்டு வந்திருக்கிறியள்," என்றார். நான் இன்னொரு துண்டு பனங்கட்டியைக் கடித்துக்கொண்டேன்.

மறுநாள் வெளிச்சம் வருவதற்கு முன்பே விழித்துவிட்டேன். மாமி உள்ளே அடுப்போடு இருந்தார். நானே படலையைத் திறந்துகொண்டு, ஒழுங்கை என்று அங்கே சொல்கிற சந்து வழியாகக் கரைக்கு நடந்தேன். எதிரே ஒருவர் வள்ளத்து எஞ்சினைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். வெளியூரில் ஒரு முகத்தைப் பார்த்தால் ஏதாவது பேசாமல் இருக்க என்னால் முடியாது.

"எங்க, கடலுக்கா கிளம்பிட்டீங்க?" என்று சிரித்தபடி கேட்டேன்.

அவர் அப்படியே நின்றார். எஞ்சினைக் கீழே இறக்கி வைத்தார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இந்தியாவில இருந்து வந்த ரீச்சரோ? பறவாயில்ல, பறவாயில்ல," என்று சொல்லிவிட்டு வந்த வழியே வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்து, என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, எஞ்சினைத் தூக்கிக்கொண்டு கடலுக்குப் போனார்.

காலையில் யூட் வந்தபோது விஷயத்தைச் சொன்னேன். தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தார். "ஐயோ ரீச்சர், தொழிலுக்கு வெளிக்கிடுற ஆளிட்ட எங்க போறியள் எண்டு கேக்கலாமோ? கேட்டா அண்டைக்குப் போற காரியம் சரிவராது. அதுதான் திரும்பிப் போய், இருந்து, தண்ணி குடிச்சிட்டுப் பேந்து வந்திருக்கிறார். அவர் சந்தியோகு. நல்ல மனுசன்." எங்கள் ஊரிலும் இந்த வழக்கம் உண்டு. வயலின் வகுப்பும் மார்க்கெட்டுமாகவே இருந்து நான் அதை மறந்துபோயிருந்தேன். வெட்கமாக இருந்தது. ஆனால் அவர் கோபித்துக்கொள்ளவில்லையே என்று ஆறுதலும் பட்டேன்.

டொறின் அன்று காலை வேறு ஒரு சந்தோஷத்தில் இருந்தாள். முற்றத்தில் மைக்கை வைத்துக் காற்றையும் காகங்களையும் பதிவு செய்துகொண்டிருந்தபோது ஓர் அருமையான சத்தம் கிடைத்ததாம். மாமி கடைக்குப் போவதற்காகப் படலையைத் திறக்கும் முன் எழுந்த சத்தம். காதில் மாட்டிக் கேட்டேன். டங், டங். ஒரு இடைவெளி. பிறகு ஒரு டங். தகரத்தின் மேல் இரும்புத் தாழ்ப்பாள்.

"படலை இறுகிக் கிடக்குது போல. தட்டித்தான் திறக்கிறா. என்ன வடிவான தாளம் ரீச்சர்! இதுதான் நிகழ்ச்சியின்ர கடைசிச் சத்தம்," என்றாள். எனக்கும் நன்றாகத்தான் இருந்தது.

ஆலங்கட்டி மழைக்குப் பெரிய உலோகத் தட்டுகள் வேண்டும் என்று டொறின் அடம்பிடித்ததால் பக்கத்தில் இருந்த எருக்கலம்பிட்டி என்ற ஊருக்குப் போனோம். முஸ்லிம் வீடுகளில் நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும் சஹன் தட்டுகள் இருக்கும் என்று யூட்தான் சொன்னார். அவருக்குத் தெரிந்த ஒரு வீடு. சண்டைக் காலத்தில் புத்தளத்துக்குப் போய் நெடுங்காலம் இருந்துவிட்டுத் திரும்பியவர்கள். வீட்டுக்காரப் பெண்மணிக்கு நாங்கள் கேட்டது முதலில் புரியவில்லை.

"தட்டு எதுக்கு? சோறு போடவோ?"

"இல்ல, அரிசியை மேல இருந்து கொட்டுறதுக்கு," என்றாள் டொறின்.

"வேக வைக்காத அரிசியையோ?"

"ஓம். சத்தத்துக்கு."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப முதல்ல வேக வைச்சதைத் தின்னுங்கோ. பேந்து தாறன்," என்றார். ஒரே தட்டில் எல்லோரும் கை வைத்துச் சாப்பிடுவது எனக்குப் பழக்கமில்லை. முதலில் என் பக்கத்து ஓரத்திலேயே நாசூக்காகக் கொறித்தேன். மூன்றாவது கவளத்தில் நாசூக்கு போய்விட்டது. யூட்டின் எல்லைக்குள் இருந்த இறைச்சித் துண்டை நான் எடுத்ததாக அவர் இன்றுவரை சொல்கிறாராம். கடைசியில் இனிப்பாக வட்டிலப்பமும் வந்தது. திரும்பும் வழியில் தட்டுகள் மடியில் அதிர அதிர, ஆட்டோவே ஒரு கச்சேரியாக இருந்தது.

சாயங்காலம் முற்றத்தில் ஒத்திகை. நான் பாலைத் திரித்துக்கொண்டிருந்தேன். வில்லைத் தந்தியின் மேல் அழுத்தி, நகர்ந்தும் நகராமல் இழுத்தால் ஒரு புளிப்புச் சத்தம் வருகிறது. கண்டுபிடித்த பெருமையில் நான் இருக்க, டொறின் காலையில் எடுத்த படலைச் சத்தத்தைப் போட்டுக் காட்டினாள். அரிசி புடைத்துக்கொண்டிருந்த மாமியின் கை நின்றது.

"இது எங்க எடுத்தனீ?"

"படலை இறுக்கம் எண்டு நீங்கள் தட்டேக்க, மாமி."

"படலை இறுக்கமில்லப் பிள்ள," என்றார் மாமி. "அது நான் வாறன் எண்டு சொல்லுறது."

பிறகு சுளகைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "அப்ப சண்டைக் காலம். கடலுக்குப் போறதெண்டா நேவியிட்ட பாஸ் எடுக்கோணும். சந்தியோகுவின்ர தமையன் மரியான் ஒரு நாள் விடியப்புறம் இந்த ஒழுங்கையால போனவன். என்ர மனுசன் செத்து அதிக நாளில்ல, படலையில சும்மா நிண்டனான். 'எங்கயடா தம்பி போறாய், பாஸ் குடுத்திட்டாங்களோ?' எண்டு கேட்டன். அவ்வளவுதான் கேட்டனான். அண்டைக்கு வள்ளம் திரும்பி வரேல்ல. கடலில என்ன நடந்ததெண்டு ஆருக்கும் தெரியாது. ஆனா நான் கேட்டது எல்லாருக்கும் தெரியும்."

நான் வில்லை மடியில் வைத்துவிட்டேன்.

"பேந்து நாலைஞ்சு பேர் வந்தவை. சண்டை பிடிக்கேல்ல, மரியாதையாத்தான் கதைச்சவை. 'அக்கா, காலமையில படலை திறக்க முதல் ஒரு சத்தம் தாங்கோ. நாங்கள் விலகி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நிப்பம்' எண்டு கேட்டவை. நானும் சரியெண்டன். எல்லாருக்கும் தேத்தண்ணி போட்டுக் குடுத்தன். ஒருத்தரும் குடிக்கேல்ல."

அதே ஒழுங்கை, அதே கேள்வி. நான் கேட்டதற்குச் சந்தியோகு சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தண்ணீர் குடித்தார். இவர் கேட்டதற்கு இத்தனை வருடம் தகரத்தைத் தட்டிக்கொண்டிருக்கிறார். எனக்குக் கோபத்தில் அழுகை வந்தது.

டொறின் நிஜமாகவே அழுதுவிட்டாள். அந்தச் சத்தத்தை நிகழ்ச்சியிலிருந்து எடுத்துவிடுகிறேன் என்றாள்.

"ஏன் எடுக்கிறாய்? அதைப் போடு," என்றார் மாமி. "என்ர பேரை மட்டும் சொல்லாத. தேவையில்ல. அவையளுக்கு விளங்கும்."

"நீங்கள் வருவியளோ மாமி?"

"வாறன் எண்டும் சொல்லேல்ல, வரேல்ல எண்டும் சொல்லேல்ல," என்று சுளகை எடுத்துக்கொண்டார்.

யூட்டுக்கு இது பிடிக்கவில்லை. தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "ரீச்சர், இதைக் கேட்டு ஆக்கள் கோவிச்சு எழும்பிப் போனா என்ன செய்வியள்? நீங்கள் ரெண்டு பேரும் பஸ் ஏறிப் போயிடுவியள். கரைச்சல் மாமிக்குத்தான்." அவர் சொன்னது நியாயம். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் விஷயத்தில் இது அடிக்கடி நடப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகமாட்டார்கள் என்பதால் அன்று சாயங்காலம் கோயில் மண்டபத்தைக் கேட்டிருந்தோம். செபமாலைக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு பாதர் சாவியைக் கொடுத்தார். யூட் ஆட்டோவில் மைக் கட்டி, "ஜெர்மன் நாட்டு இசை நிகழ்ச்சி, அனைவரும் வருக" என்று ஊரெல்லாம் சுற்றியதில் மண்டபம் நிறைந்துவிட்டது. ஆண்கள் முன்னால், பெண்களும் பிள்ளைகளும் பின்னால், நடுவில் ஒரு நடைபாதை. முதல் வரிசையில் அதை ஒட்டிய நாற்காலியில் சந்தியோகு, பக்கத்தில் அவருடைய சின்ன மகள். மாமியைக் காணவில்லை.

டொறின் எரிக்கப்பட்ட பெண்களின் பெயர்களை ஜெர்மன் மொழியில் வாசித்தாள். பிறகு ஒவ்வொருத்தியும் என்ன செய்தாள் என்று சொன்னார்கள் என்பதைத் தமிழில் சொன்னாள். ஆலங்கட்டி மழைக்கு நாங்கள் சஹன் தட்டுகளில் அரிசியைக் கொட்டியபோது பிள்ளைகள் ஆர்ப்பரித்தார்கள். துடைப்பத்துக்கும் குடத்துக்கும் பொறுமையாக இருந்தார்கள். இரண்டாவது வரிசையில் ஒரு பெரியவர் பக்கத்து ஆளிடம் கேட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"பாட்டு எப்ப துவங்கும்?"

"இதுதானாம் பாட்டு."

"அப்ப சரி," என்று கையைக் கட்டிக்கொண்டார்.

என் முறை வந்தது. பாலைத் திரித்தேன். ஒரு பெண் காதைப் பொத்திக்கொண்டாள். கதவோரம் படுத்திருந்த நாய் எழுந்து வெளியே போயிற்று. எந்தச் சபையிலும் என் வாசிப்புக்கு இவ்வளவு உடனடியாகப் பலன் கிடைத்ததில்லை.

கடைசியாக டொறின் விசையைத் தட்டினாள். மண்டபத்தின் பின்பக்கம் வைத்திருந்த ஸ்பீக்கரிலிருந்து வந்தது. டங், டங். இடைவெளி. டங்.

முன்வரிசைகளில் இருந்த ஆண்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார்கள். யாரும் யோசித்துச் செய்யவில்லை. நடைபாதை ஓரத்தில் இருந்தவர்கள் எழுந்து உள்பக்கமாக ஒதுங்கிக்கொண்டார்கள். சந்தியோகு நாற்காலியை விட்டு எழுந்து இரண்டு எட்டு தள்ளிப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றார். காலைநேரத்து ஒழுங்கையில் என்ன செய்வார்களோ அதை மண்டபத்துக்குள் செய்துவிட்டார்கள்.

"அப்பா, அது பொக்ஸ் அப்பா!" என்று ஸ்பீக்கரைக் காட்டிக் கத்தினாள் சந்தியோகுவின் மகள். "படலை இல்ல, பொக்ஸ்!"

பெண்கள் பக்கமிருந்து சிரிப்பு வெடித்தது. திரும்பிய முகங்கள் ஒவ்வொன்றாக முன்னுக்கு வந்தன. ஒருவரையொருவர் பார்த்தார்கள். சிலர் அசடு வழியச் சிரித்தார்கள், சிலர் தரையைப் பார்த்தார்கள். ஒருவர் மட்டும் விறுவிறுவென்று வெளியே போனார். அவர் போகும்போதுதான் வாசலில் நின்றவரை எல்லோரும் கவனித்தார்கள். மாமி, கோயிலுக்கு உடுத்தும் வெள்ளைச் சேலையில்.

நடைபாதை சுத்தமாக விலகிக் கிடந்தது. மாமி அதன் நடுவே மெதுவாக நடந்து வந்தார். முதல் வரிசையில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அது சந்தியோகு எழுந்த நாற்காலி.

"எனக்குத்தானே எழும்பினனீ, தம்பி?" என்றார்.

மறுபடி சிரிப்பு. இந்தத் தடவை ஆண்களும் சேர்ந்துகொண்டார்கள். டொறின் முடிவுரையை மறந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். யாராவது முடிக்க வேண்டுமே என்று நான் வில்லை எடுத்து நீளமாக ஒரு கீச்சுக் கீச்சினேன். எல்லோரும் கைதட்டினார்கள். நின்றுவிட்டதே என்ற நிம்மதியும் அதில் இருந்திருக்கும்.

வெளியே தேநீர் கொடுத்தார்கள். சந்தியோகு கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு மாமி முன்னால் வந்து நின்றார்.

"அக்கா, இனி அந்தச் சத்தம் வேண்டாம்."

"நீங்கள் கேட்டுத்தான் தந்தனான். இப்ப வேண்டாமெண்டா, சும்மா விட்டிடேலுமே?" என்றார் மாமி. "நாளைக்குக் காலமை நீ வந்து என்ர படலையைத் திற. என்ர முகத்தைப் பாத்திட்டுக் கடலுக்குப் போ."

 சந்தியோகுவின் மனைவி அவருடைய சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தார். அண்ணனைக் கடலுக்குக் கொடுத்த குடும்பம் அது.  சந்தியோகு தேநீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "சரி அக்கா," என்றார்.

வீடு திரும்பும்போது மாமி வெற்றிப் பெருமையோடு வருவார் என்று நினைத்தேன். அவரோ படலைக்கு உள்ளே வந்ததும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் ஏன் அப்பிடிச் சொன்னனான்?" என்றார். "அவனுக்கு ஏதும் நடந்தா? ரீச்சர், உங்களுக்குச் சொல்லுறன். எல்லாரும் சொல்லச் சொல்ல, நான் உண்மையா அப்பிடித்தானோ எண்டு எனக்கே சில நேரம் வரும்."

அந்தக் கல்லில் பெயர் இருக்கும் பெண்களிலும் இப்படி எத்தனை பேர் யோசித்திருப்பார்களோ. பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

காலையில் சந்தியோகு வந்தார். தோளில் எஞ்சின் இருந்தது. தாழ்ப்பாளைச் சத்தமில்லாமல் விலக்கிப் படலையைத் திறந்தார். மாமி தலைவாரி, வேறு கவுன் மாற்றி, நடுமுற்றத்தில் நின்றார். இருவரும் பார்த்துக்கொண்டார்கள். அவ்வளவு பக்கத்தில் நேருக்கு நேர் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருக்க வேண்டும்.

"வாறன் அக்கா."

மாமி தலையை மட்டும் ஆட்டினார்.

அன்று நாங்கள் புறப்பட வேண்டிய நாள். பஸ்ஸை விட்டுவிட்டோம்.  பத்து மணிக்கு மேல் காற்று எழுந்தது. அந்தத் தீவில் காற்று எழாத நாள் இல்லை என்று யூட் சத்தியம் செய்தார். அவர் சவாரி எதுவும் போகாமல் எங்கள் படலைக்கு வெளியே வண்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பக்கத்து வீட்டுப் பெண்கள் காரணமில்லாமல் ஒழுங்கையில் போனார்கள், வந்தார்கள். மாமி அடுப்பை மூட்டவில்லை. கையில் செபமாலை மணிகள் ஓடிக்கொண்டே இருந்தன.

மத்தியானத்துக்குப் பிறகு வள்ளங்கள் கரைக்கு வரத் தொடங்கின. "நானும் வாறன்," என்று மாமி எழுந்தார். வள்ளம் வரும் நேரத்தில் அவர் கரைக்குப் போனதே இல்லை என்று டொறின் என் காதில் சொன்னாள். கரையில் எங்களைப் பார்த்தவர்களில் சிலர் தள்ளி நின்றார்கள். சந்தியோகுவின் மனைவி எங்கள் பக்கம் திரும்பவில்லை. ஒரு வள்ளம் வந்தது, இன்னொன்று வந்தது. அவருடையது வரவில்லை.  வயலின் பெட்டியை ஏன் தூக்கிக்கொண்டு வந்தேன் என்று தெரியாமல் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன்.

எல்லா வள்ளங்களும் வந்த பிறகு, கண் கூசும் வெயிலில் ஒரு புள்ளி தெரிந்தது. யூட்தான் முதலில் கத்தினார். அந்தப் புள்ளி வள்ளமாவதற்கு எடுத்த நேரம் மாதிரி நீளமான நேரத்தை நான் அனுபவித்ததில்லை. சந்தியோகு எஞ்சினை நிறுத்தி, வள்ளத்தை மணலில் ஏற்றினார். வலை ஓரிடத்தில் பாறையில் மாட்டிக்கொண்டதாம், அதை எடுக்கச் சுணங்கிவிட்டதாம். அவர் மனைவி அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"மீன்பாடு எப்பிடி?" என்று கரையிலிருந்து ஒருவர் கேட்டார். அந்தக் கேள்விக்குள் என்னவெல்லாம் இருந்தது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

சந்தியோகு கூடையைச் சாய்த்துக் காட்டினார். கொஞ்சம் ஓரா, கொஞ்சம் விளைமீன், அடியில் சூடை. அள்ளிக் கொட்டவும் இல்லை, வெறுமையாகவும் இல்லை.

"வழமை போலத்தான்," என்றார்.

மாமி கையைக் காதுக்கு அணைத்தார். "என்னவாம்?"

"வழமை போலத்தானாம், மாமி," என்றாள் டொறின்.

"ஒருக்கா மறுபடி சொல்லச் சொல்லு," என்றார் மாமி.

சந்தியோகு வள்ளத்தில் நின்றபடியே இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னார்.